கீழ்ப்பள்ளம் என்றுதான் சொன்னார்

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். நான் இப்போது தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும், எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதை சென்னையில் இருக்கும் மகளின் கைபேசிக்கு ஒரு நீலப்புள்ளி காட்டிக் கொடுத்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாக நின்றால் போன் வரும். "அங்க என்னம்மா பண்றே இவ்வளவு நேரம்?" பால்காரர் சில்லறை தேடுகிறார் என்று நான் விளக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் வீடுகளிலும் இதே கதைதான் என்று கேள்வி.

இதைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஓய்வு பெறும்வரை கொடைக்கானலில் நான் பார்த்த உத்தியோகத்தில் ஒரு பகுதியே இதுதான்: மலையில் நடக்க வருகிறவர்களுக்கு விதிமுறை எழுதுவது. தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எதுவரை போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன இடத்தை மாற்றாதீர்கள். அடிபட்டால் இருந்த இடத்திலேயே இருந்து சத்தம் கொடுங்கள். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, தகரப்பலகையில் எழுதி மாட்டினோம். ஜனங்கள் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்கள்.

முதல் விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒருவர் ஒரே ஒரு நாள் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அந்த விதிகள் எழுதப்படவே இல்லை. அவர் என் பெரியப்பா. விதிகளால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல் ஆகியிருந்தது. வீடு அமையும்வரை என்னைப் பண்ணைக்காட்டுக்கு மேலே, பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். காபிப்பழம் எடுக்கும் பருவம். களம் முழுக்கச் சிவப்பாகப் பழம் காயும். இரண்டு நாளில் அது கறுத்து, புளித்த கள்ளும் வெல்லமும் கலந்தாற்போல ஒரு வாடை எழும்பி, சோற்றில், தலையணையில், என் பின்னலில் எல்லாம் ஏறிக்கொள்ளும். பழம் அரைக்கிற மிஷின் பகல் முழுக்கக் கடகடவென்று ஓடும். பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் ஆரஞ்சு மரம் தெரியாது. டவுனில் வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம்; பெரியம்மாவுக்கு அது துணி காயாத தொல்லை.

மலைவாழையையும் சேனையையும் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிடும் என்பதற்காகப் பெரியப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸில் சொல்லியிருந்தது அவர் தோட்டத்துக்குள் வருகிற பன்றியைப் பற்றி. பெரியப்பா அந்தப் பன்றியை அது குடியிருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். நீளமான நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தை மாட்டுக்கொம்பில் அடைத்து, மக்காச்சோளத் தக்கையால் மூடி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார். காலில் கொடைக்கானல் பஜாரில் பழசாக வாங்கிய மிலிட்டரி பூட்ஸ். அந்தக் கொம்பின் வாயில் மூக்கை வைத்தால் தீபாவளி மறுநாள் வாசல் மாதிரி இருக்கும். பிறகு அந்தக் கொம்பு எங்கே போனது என்று யாரையும் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

வீட்டுக்கு இரண்டு வாசல். கிழக்கே ஒரு பாறைமேடு. அதைத் தாண்டி இறங்கினால் கீழ்ப்பள்ளம். ஓடையும் ஈட்டிமரமுமாக முழுக்கச் சர்க்கார் காடு. அங்கே துப்பாக்கியோடு அகப்பட்டால் கேஸ். மேற்கே எங்கள் காபித் தோட்டத்தின் தலைமாட்டில் மேல்சோலை. அங்கே ஊர் மாடுகள் மேயும், ஜீப் போகிற மண்ரோடும் உண்டு.

வேட்டைக்குப் புறப்படுகிறவரை "எங்கே" என்று கேட்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அந்த மலையில் துப்பாக்கி இருந்த எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். கேட்டுவிட்டால் துப்பாக்கியை மறுபடி ஆணியில் மாட்டி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்துதான் போக வேண்டும். போகிறவராகவே சொல்வார். சொல்வதும் நேர்மாறாக. மேல்சோலைக்குப் போவதென்றால் "கீழ்ப்பள்ளத்துக்குப் போறேன்" என்பார். பன்றிக்கு நம் பேச்சு விளங்கும், பேரைக் கேட்டால் இடம் மாறிவிடும் என்பது காரணம். ஃபாரஸ்ட் கார்டுக்கும் நம் பேச்சு விளங்கும் என்பது சொல்லப்படாத காரணம். பெரியம்மா அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டு, பொழுது இறங்கியதும் அரிக்கேன் விளக்கைச் சரியான வாசலில் வைப்பாள். "கீழ்ப்பள்ளம்" என்றால் மேற்கு வாசலில். ஒரு நாளும் தப்பியதில்லை.

நான் போய்ச் சேர்ந்த சில நாளில், போன பெரியப்பா இரவு திரும்பவில்லை. விடிந்து வெயில் ஏறியபின் சிரித்துக்கொண்டே வந்தார். காட்டெருமை ஒன்று அவரைப் பாறைமேல் ஏற்றிவிட்டு, விடியும்வரை கீழேயே நின்று மேய்ந்ததாம். பெரியம்மா அழவும் இல்லை, சோறு போடவும் இல்லை.

"இனிமே போற எடத்த நெசமாச் சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா பன்னி கேட்டுக்கிரும்."

"கேட்டா கேக்கட்டும். கட்டுனவளுக்குத் தெரிய வேணாமா?"

"ஒனக்குத்தான் தெரியுமே. நான் சொல்றதத் திருப்பிப் போட்டுக்க வேண்டியதுதான?"

"திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டுத் தலையே சுத்துது எனக்கு. ஒரு நாளாச்சும் நேராப் பேசுங்களேன்."

"நேராப் பேசுனா நீ என்னையக் கட்டிருக்கவே மாட்டியே" என்றார் பெரியப்பா. பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அடுப்பை ஊதினாள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். சரி என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன், அவர் சொல்லவில்லை.

அடுத்த முறை அவர் புறப்பட்டபோது பெரியம்மா பழம் எடுக்கிற பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பெரியப்பா படியில் உட்கார்ந்து, குனிந்து, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏ டவுன் புள்ள. பெரியம்மா வந்தாச் சொல்லு. கீழ்ப்பள்ளம், ஓடைப்பாறை வரைக்கும். பொழுது சாயுமுன்ன வந்துருவேன்."

நான் சரி என்றேன். அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கமாகப் போனார். களத்திலிருந்து இரண்டு பக்கமும் போகலாம். பனி அவரை உடனே விழுங்கிவிட்டது.

பெரியம்மா வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். "ஓடைப்பாறை வரைக்குமா?" என்றாள். "பொழுது சாயுமுன்னன்னா சொன்னாரு?" என்றாள். கையில் இருந்த கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். இதற்கு முன் அவர் எதுவரை என்றும் சொன்னதில்லை, எப்போது என்றும் சொன்னதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

பொழுது சாய்ந்தது. அவர் வரவில்லை.

பெரியம்மா விளக்கை ஏற்றி மேற்கு வாசலில் வைத்தாள். கொஞ்சம் கழித்து எடுத்துப்போய்க் கிழக்கு வாசலில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த வீட்டில் ஒரே ஒரு விளக்குத்தான் காற்றுக்கு அணையாமல் எரியும்.

பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா, பக்கத்து வளவில் இருந்தார். அவர் வந்தார். ஊரில் ஜீப் வைத்திருந்த பாய் வந்தார். விசாரணை தொடங்கியது. பிற்காலத்தில் நான் பல விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு அக்கறையாக என்னை யாரும் விசாரித்ததில்லை.

"மச்சான் சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா?" என்று மாமா கேட்டார்.

"குனிஞ்சிருந்தாங்க. பூட்ஸ் கட்டிக்கிட்டு இருந்தாங்க."

"மூஞ்சியப் பாத்தியா?"

"தலைதான் தெரிஞ்சுச்சு."

"கண்ணடிச்சாரா?"

"தலைதான் மாமா தெரிஞ்சுச்சு."

பாய் இடையில் புகுந்தார். "சின்னப் புள்ள பொய் சொல்லாதுல்ல, தம்பி?"

"புள்ள பொய் சொல்லல பாய். மச்சான்தான் புள்ளகிட்டப் பொய் சொல்லிருக்காரு. அதான அவரு வழக்கம். கீழ்ப்பள்ளம்னாரு, அப்ப மேல்சோலைதான்."

"ஓடைப்பாறை வரைக்கும்னு சொன்னாருடா" என்றாள் பெரியம்மா. "என்னைக்குடா இவ்வளவு வெவரமாச் சொல்லிருக்காரு? நான் அன்னைக்குக் கேட்டேன். நெசமாச் சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டேன்."

"பொய்யவே இன்னைக்கு வெவரமாச் சொல்லிருக்காரு" என்றார் மாமா. அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. மச்சான் நீ சொல்லி எதக் கேட்டுருக்காரு? பீடிய விட்டாரா? மழையில நனையாதீங்கன்னு எத்தன தடவ சொன்ன? ஒரு தடவையாச்சும் கேட்டாரா?"

பெரியம்மா யோசித்துப் பார்த்தாள். அவள் யோசித்ததை நான் பார்த்தேன்: கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாற்போல் இருந்தது. அப்புறம் விளக்கை எடுத்து மேற்கு வாசலில் வைத்துவிட்டு, "வெரசாப் போங்க" என்றாள்.

இரண்டு குழுவாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் பலகையில் எழுதியிருப்பேன். இருந்தது இரண்டு ஆண்கள், ஒரு டார்ச் லைட். பனி. அன்று இருட்டில் ஜீப்பை மேல்சோலை ரோட்டில் ஏற்றி, ஹாரன் அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். நானும் பெரியம்மாவும் வாசலில் நின்று அந்த ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பனிக்குள்ளிருந்து கன்றுக்குட்டி கத்துவது மாதிரி வந்தது.

மறுநாள் காலையில் ஃபாரஸ்ட் கார்டு வந்தார். காக்கி ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் பிரம்பு. தானாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. களத்துக்கு வெளியிலேயே நின்றார்.

"அய்யா இருக்காரா?"

மாமா முந்திக்கொண்டார். "மச்சான் கன்னிவாடிச் சந்தைக்கு மெளகு கொண்டு போயிருக்காருங்க. வர ரெண்டு நாளாகும்."

"எப்பப் போனாரு?"

"முந்தாநாளே போயிட்டாருங்க."

கார்டு வாசல் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். துப்பாக்கி இல்லாத ஆணி. மாமாவும் பார்த்தார். "துப்பாக்கி என் வீட்டுலதான் கெடக்கு" என்றார் மாமா. பெரியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கார்டு அவளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். பெரியம்மா தம்பியைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள். கார்டு என்னையும் பார்த்தார். ஆனால் சின்னப் பிள்ளைகளை விசாரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை போலும். எதையோ கேட்க வந்து, கேட்காமல், "சரி" என்று போனார்.

அவர் போனபிறகு பெரியம்மா தம்பியிடம் சண்டை பிடித்தாள். "அவருகிட்டச் சொல்லியிருந்தா நாலு ஆள விட்டுத் தேடிருப்பாருல்ல?"

"தேடி, கண்டுபுடிச்சு, கைவெலங்கு மாட்டிருப்பாரு. துப்பாக்கி போயிரும், லைசென்ஸ் போயிரும், மச்சான் ஜெயிலுக்குப் போவாரு. வந்ததும் என்னையத்தான் வெட்டுவாரு. பேசாம இருக்கா."

மாமா கெட்டவர் இல்லை. மச்சானைக் கேஸிலிருந்து காப்பாற்றினார். அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னபிறகு கீழ்ப்பள்ளத்தின் பக்கம் தலைகாட்ட முடியாமல் போயிற்று. கார்டின் குடிசை அங்கேதான், ஓடைக்கு அந்தக் கரையில். கன்னிவாடிச் சந்தைக்குப் போனவரைக் காட்டுக்குள் எப்படித் தேடுவது? ஆகவே அன்று பகல் முழுக்க மேல்சோலையையே சல்லடை போட்டார்கள். ஊர்க்காரர்கள் கேட்டதற்கு மாட்டைக் காணோம் என்றார்கள். ஜீப்பில் ஹாரன் அடித்து மாடு தேடியவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

நான் அன்று பெரியம்மாவின் பின்னாலேயே அலைந்தேன். "கீழ்ப்பள்ளம்னுதான் சொன்னாங்க" என்று இரண்டொரு தடவை சொன்னேன். "தெரியும்டீ. சொன்னாரு. தெரியும்" என்றாள். பிறகு சொல்லவில்லை. சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்? நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவர் சொன்னதைத்தான் நம்பவில்லை.

அதற்கு மறுநாள் விடிந்ததும், மேல்சோலையில் தேட மிச்சம் எதுவும் இல்லாததால், மாமாவும் பாயும் கீழ்ப்பள்ளத்துக்கு இறங்கினார்கள். பிடிபட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று. நேரே ஓடைப்பாறைக்குப் போனார்கள். அவர் ஓடைப்பாறையில்தான் இருந்தார். பாசியில் வழுக்கிப் பாறையிடுக்கில் விழுந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்திருந்தது. பக்கத்தில் துப்பாக்கியும் காலியான கொம்பும். உயிர் இருந்தது.

கம்பளியில் கிடத்தி, மூங்கில் கட்டித் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் ஏற்றினார்கள். பெரியம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கால்மாட்டில். அந்தக் காலின் வாடை எனக்கு இன்றும் வேறு எதோடும் சேராது. மலையிறக்கம் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பல்லைக் கடித்தார். பாய், "பொறுத்துக்கங்க அண்ணே, பொறுத்துக்கங்க" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.

சமதளம் வந்ததும் பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"நேத்தெல்லாம் ஹாரன் கேட்டுச்சு" என்றார். "மேலதான் தேடுறாங்கன்னு தெரிஞ்சுச்சு."

பாய் வண்டியை இன்னும் விரட்டினார்.

"நீ கேட்டேன்னுதான் நெசத்தச் சொல்லிட்டுப் போனேன்" என்றார் பெரியம்மாவைப் பார்த்து. கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

"நான் சொல்லி நீங்க என்னைக்குங்க கேட்டிருக்கீங்க?" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூடாது என்று டாக்டர்களுக்கு யாராவது விதிமுறை எழுதியிருக்கலாம். அந்த வாரமே பெரியப்பா போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்தபின் கார்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாமா எழுந்து நின்றார். கார்டு உட்காரவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டுச்சுங்க. ஒண்ணு, கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொண்ணு. வேட்டைக்காரன் ஒரே எடத்துல நின்னு இப்படிப் போட மாட்டானேன்னு இருந்துச்சு. இந்தப் பக்கத்துல துப்பாக்கி இங்கதான். அதான் காலையில வந்து கேட்டேன்." மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அய்யா சந்தைக்குப் போயிருக்காருன்னீங்க. அம்மாவும் ஆமான்னாங்க. அப்ப வேற ஊர்க்காரங்க வந்து சுட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் போகாம விட்டுட்டேன்."

மாமா அப்படியே களத்தின் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க ஓடிய மிஷின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பாறைமேடு வேறு நடுவில்.

பெரியம்மா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். கார்டிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இருட்டுற வரைக்கும் போட்டாரா?" என்று கேட்டாள்.

கார்டு தயங்கினார். "விடுங்கம்மா. இப்ப எதுக்கு அது."

"சொல்லுங்க."

"இருட்டுனதுக்கு அப்பறமும் ஒண்ணு கேட்டுச்சு, தாயி. மேல்சோலையில ஏதோ ஜீப்பு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது நின்னு, வண்டி திரும்பி எறங்குற சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் அந்த ஒண்ணு. அதுக்கப்பறம் கேக்கல."

பெரியம்மா தலையை ஆட்டினாள். "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.